வரும், வரலாம்

எங்கள் ஊரில் ஒலிபெருக்கிகள் கம்பங்களின் உச்சியில் இருந்தன. எங்கள் தெருவுக்கு ஒன்று, அடுத்த தெருவுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று, ரயில் பாதையோரம் ஒன்று. எல்லாவற்றிலும் பேசியது அம்மா. ஒரே மைக்கில்தான் பேசுவாள். ஆனால் அந்தக் குரல் எல்லாக் கம்பங்களிலிருந்தும் ஒன்றாக வந்து சேராது. பக்கத்துக் கம்பம் முதலில் சொல்லும். தூரத்துக் கம்பங்கள் அதையே சற்றுப் பிந்திச் சொல்லும். "தண்ணீர் வரும்" என்று அம்மா சொன்னால் வரும், ரும், ம் என்று அந்தச் சொல் தெருத்தெருவாக நடந்துபோய் ரயில் பாதையைத் தாண்டி எங்கோ உட்கார்ந்துவிடும். பனி இறங்கிய காலைகளில் கம்பம் தெரியாது, எதிர்வீடு தெரியாது. குரல் மட்டும் இருக்கும். நான் போர்வைக்குள் கிடந்தபடி, அம்மா ஊருக்கு மேலே மெதுவாக நடந்துபோகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா குடிநீர் அலுவலகத்தில் அறிவிப்பாளர். அப்பா அதே அலுவலகத்தில் வால்வுக்காரர். ஊர் எல்லையில், மேட்டின் மேல் இருக்கும் நீர்த்தொட்டிதான் அவருடைய இடம். ஆள் உயர இரும்புச் சாவி ஒன்று வைத்திருப்பார். அதைத் தரைக்குள் விட்டுத் திருப்பினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும். திருப்பிவிட்டு அவர் வந்துவிட மாட்டார். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். முதலில் காற்று ஓடும். குழாய் லேசாக நடுங்கும். பிறகு நடுக்கம் அடங்கிக் குளிர்ச்சி ஏறும். அந்தக் குளிர்ச்சி கைக்கு வந்த பிறகுதான் தொலைபேசியை எடுத்து அம்மாவிடம் ஒரே ஒரு சொல் சொல்வார். "ஏறிடுச்சு."

அதற்குப் பிறகுதான் அம்மா "வரும்" என்பாள்.

தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாட்களில் அப்பா தொலைபேசியில் கூப்பிட மாட்டார். அம்மா அறிவிப்பு நேரம் வரை காத்திருந்துவிட்டு, "தண்ணீர் வரலாம்" என்பாள். அதைத் தொட்டியருகே இருக்கும் கம்பத்தில் கேட்டதும் அப்பா எல்லாத் தெருக்களின் வால்வையும் பாதி பாதியாகத் திறந்துவிடுவார். யாருக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு. ஜனங்களும் அதற்குத் தகுந்த மாதிரி பழகியிருந்தார்கள். "வரும்" என்றால் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாகக் குழாயடிக்கு வருவார்கள். "வரலாம்" என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, வீட்டில் இருக்கும் அத்தனை பாத்திரத்தையும் நிரப்புவார்கள். இதை அம்மாவும் அப்பாவும் பேசிவைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அப்படி ஆகிவிட்டிருந்தது.

ஊருக்கு அம்மா 'மைக் அக்கா'. அவளுடைய இந்த இரண்டு சொற்களும் ஊர் வாயில் வேறு வேலைகளும் பார்த்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வாள், "ராத்திரி சாப்பிட வருவீங்களான்னு கேட்டா 'வரலாம்'ங்கறார். மைக் அக்கா பாஷையில பதில் சொல்றாராம். நானும் தட்டு வைக்க மாட்டேன், எல்லாத்தையும் மூடி வெச்சுட்டு உக்காந்துருப்பேன்." அந்த மனிதர் ஒருநாள் வராமலேயே போய்விட்டார். அவளுக்கு ஒரே பையன். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் நெட்டை. எங்கள் அண்ணனும் அவனும் ஒரே மெக்கானிக் ஷாப்பில் வேலை பார்த்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்தால் நெட்டையின் கால்கள் மட்டும் பாதி சாலைக்கு வந்துவிடும் என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

போர் எங்கள் ஊருக்கு முதலில் துணியாக வந்தது. தையல்காரம்மா வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்று கொடித்துணிச் சுருள்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் வீட்டில் நடக்க இடமில்லை. நாற்காலி மேல் துணி, அடுப்பு மேடையில் துணி, கதவு திறந்தால் தெருவுக்கு வழிந்தது. தையல் மெஷின் ஓயாமல் ஓடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எல்லோரும் நாட்டு எல்லையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எங்களில் யாரும் அந்த எல்லையைப் பார்த்ததில்லை. வரைபடத்தில் அது ஒரு கோடு. பேச்சில் அது நாளுக்கு நாள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மைதானத்தில் மேசைகள் போட்டுப் படைக்கு ஆள் சேர்த்தார்கள். முதல் நாளே நெட்டை போய்ப் பதிந்துவிட்டு வந்தான். தையல்காரம்மா அழவில்லை. அவனுடைய கால்சட்டைகளின் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கிக் கொடுத்தாள். அங்கே கொடுக்கும் உடுப்பு இவனுக்கு முட்டிவரைதான் வரும் என்று சிரித்தாள்.

அண்ணனும் போவதாகத்தான் இருந்தான். அம்மா அவனைப் பிடித்து நிறுத்தவில்லை, அனுப்பவும் இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் செய்தித் துறையிலிருந்து அதிகாரி வந்தார். நான் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அறிவிப்பு அறை குடிநீர் அலுவலகத்தின் பின்பக்கம், பம்ப் அறைக்கு மேலே இருந்தது. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டியிருப்பார்கள். மேசையில் மைக். அதன் பக்கத்தில் எண்களே இல்லாத கறுப்புத் தொலைபேசி. அதில் அப்பாவைத் தவிர வேறு யாரும் கூப்பிட முடியாது. அம்மா பேசும்போது ஒரு கையை எப்போதும் அந்தத் தொலைபேசியின் மேல்தான் வைத்திருப்பாள், தூங்கும் பூனையைத் தொட்டுக்கொண்டிருப்பது போல.

அதிகாரி கையில் ஒரு தாள் வைத்திருந்தார். மறுநாள் மதியம் எல்லாக் கம்பங்களிலும் அதைப் படிக்க வேண்டும். நம் படை முன்னேறுகிறது, பயப்பட ஒன்றுமில்லை, இளைஞர்கள் மைதானத்துக்கு வாருங்கள் என்று போய் அது "வெற்றி வரும்" என்று முடிந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, தொலைக்காட்சியில் நன்றாகப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க என்னை எதற்குத் தேடி வந்தீர்கள் என்று கேட்டாள்.

"டிவி சொல்லி இந்த ஊர்ல யாரும் வாளி எடுத்து வெச்சதில்ல அக்கா," என்றார் அதிகாரி. "நீங்க சொன்னா வைக்கறாங்க. இந்த ஊருக்கு அரசாங்கம்னா அது உங்க குரல்தான்."

அம்மா தாளை மேசையில் வைத்தாள்.

"தண்ணிய எங்க வீட்டுக்காரர் பைப்புல கைய வெச்சுப் பாத்துட்டுச் சொல்றார் சார். இதுல கைய வெச்சுப் பாத்தது யாரு?"

"எனக்கு மேல இருக்கறவங்க."

"அவங்களுக்கு யார் சொன்னா?"

"அவங்களுக்கும் மேல இருக்கறவங்க," என்று சொல்லிவிட்டு அவர் தானே லேசாகச் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரயில் பாதையோரம் வளர்ந்தவராம். அவருடைய அம்மா "வரலாம்" கேட்ட நாளெல்லாம் அவரை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டுச் சுரண்டிக் கழுவச் சொல்வாளாம்.

"உண்மையைச் சொல்றேன் அக்கா. எனக்கும் ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லிட்டா எனக்கும் ஒரு நம்பிக்கையா இருக்கும்."

அவர் அதட்டியிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அதட்டவில்லை. நாளை மதியம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கிப் போனார்.

அன்று மாலை சாப்பிடும்போது அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. நாளைக்கு மைக் அக்கா சொல்லப்போகிறாள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்களாம். மைதானத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அதற்காகக் காத்திருந்தார்கள். அண்ணனும் அதற்காகத்தான் காத்திருந்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"நீ 'வரும்'னு சொன்னா நேரா மைதானத்துக்குப் போறேன்," என்றான். "'வரலாம்'னு சொன்னா ஷாப்புக்குப் போறேன். அவ்வளவுதான்மா. இதுக்கு மேல யோசிக்க எனக்குத் தெரியல."

என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறாய், இதற்கு மட்டும் கேட்கிறாய் என்றாள் அம்மா.

"வீட்டுல பேசறது வேற, மைக்ல பேசறது வேற. மைக்ல நீ ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல."

"அப்ப வீட்டுல?"

"வீட்டுல தினமும்தான். சாப்பாடு தீந்துபோச்சும்பே. அப்புறம் அப்பாவுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கரண்டி வரும்."

அப்பா தட்டைப் பார்த்தபடி சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை பாத்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்து, நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டாள்.

அப்பா மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார், "எனக்குப் பைப்புதான் தெரியும்."

மறுநாள் காலை அம்மா தலை வாரிக்கொண்டே அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள். வெற்றி வரும். வெற்றி வரும். கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், சன்னலைப் பார்த்துச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னதில் "வரும்" என்ற சொல் சோப்பு கரைவது போலக் கரைந்து, கடைசியில் அது என்ன சொல் என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். பாதி வாரிய தலையோடு எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு மூடினாள். அண்ணன் அன்று எண்ணெய்க் கறை படியாத சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். ஷாப்புக்கா என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா என்னையும் கூட வரச்சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. போகும் வழியெல்லாம் கொடி. தையல்காரம்மாவின் நெருக்கமான தையலை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும். சன்னல்களில், சைக்கிள்களில், கடைப் பலகைகளில் அவள் கைவேலை ஆடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தவர்கள் சும்மா தலையசைத்தார்கள். ஒரு பழக்கடைக்காரர் மட்டும், "அக்கா, வருமா?" என்று கேட்டார். எது என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அதிகாரி முன்பே வந்து சுவரோரமாக நின்றிருந்தார். அம்மா உட்கார்ந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, இடது கையைக் கறுப்புத் தொலைபேசியின் மேல் வைத்தாள். தண்ணீர் அறிவிப்பு இல்லாத நேரம் அது. அப்பாவுக்குக் கூப்பிட ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கை தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். படை முன்னேறுகிறது என்று அரசு அறிவிக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று அரசு அறிவிக்கிறது. சன்னலுக்கு வெளியே அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக நடந்துபோவதைக் கேட்டேன். சந்தையில் சத்தம் நின்றுவிட்டது. தராசைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே இருந்தார்கள். பிறகு கடைசி வரி.

"வெற்றி," என்றாள் அம்மா.

வெற்றி, ற்றி, றி என்று அது ரயில் பாதைவரை போய் முடிந்தது. அம்மா அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. தொலைபேசியைப் பார்த்தாள். நான் அதைப் பார்த்தேன், அதிகாரியும் பார்த்தார். மூன்று பேரும் அது அடிக்கும் என்பது போலக் காத்திருந்தோம். அந்த மௌனம்கூடக் கம்பம் கம்பமாக நடந்துபோனது. எங்கள் தெருவில் மௌனம், அடுத்த தெருவில் மௌனம், தொலைவில், மேட்டில் ஒரு மௌனம்.

தொலைபேசி அடிக்கவில்லை.

"வரலாம்," என்றாள் அம்மா. மைக்கை அணைத்தாள்.

பிறகு சந்தையில் யாரோ ஒரு வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஊர் முழுக்க வாளிகளும் பானைகளும் டப்பாக்களும் முட்டிக்கொள்ளும் சத்தம் எழுந்து வந்தது, தூரத்தில் மழை தொடங்குவது போல. அதிகாரியின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மேலிடம் என்று நினைத்து அவர் விறைத்து நின்றுதான் எடுத்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி. தண்ணீர் பிடிக்கட்டுமா என்று அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"பிடி," என்றார் தாழ்ந்த குரலில். "எல்லாத்துலயும் பிடிச்சு வை."

அப்போது எங்கள் காலடியில் தரை அதிர்ந்தது. பெரிய குழாயில் காற்று ஓடுகிறது என்று அம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். மேட்டின் மேல் அப்பாவுக்குக் காற்றடித்ததில் அறிவிப்பு சரியாகக் கேட்கவில்லையாம். கடைசிச் சொல் மட்டும் கேட்டதாம். அதைக் கேட்டால் என்ன செய்வாரோ அதைச் செய்திருந்தார். எல்லாத் தெருக்களின் வால்வையும் பாதி பாதியாகத் திறந்துவிட்டிருந்தார். நிஜமாகவே கேட்கவில்லையா என்று பிறகு அவரிடம் நான் கேட்டதற்கு, மேட்டில் காற்று அதிகம் என்று மட்டும் சொன்னார்.

அம்மா அதிகாரியிடம், "வாய் பழகிப்போச்சு சார்," என்றாள்.

அவர் தலையாட்டினார். கோபம் மாதிரி இல்லை. ரொம்ப நாள் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டவர் மாதிரி இருந்தார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம் அக்கா," என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்க வேகமாக இறங்கிப் போனார்.

நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். நான் அந்த மாதிரி ஒரு மதியத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. மைதானத்துக்குப் போகக் கிளம்பியிருந்தவர்கள் எல்லாம் தெருவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொடிகள் சுவரில் சாய்ந்திருந்தன. இரண்டு பேர் ஒரு கொடிக்கம்பில் வாளியை மாட்டித் தோளில் வைத்துத் தூக்கிப் போனார்கள். வெயிலில் ஒவ்வொரு வாளியிலும் ஒரு சின்ன வானம் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் போர் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் அம்மாவைப் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. அவர்களுக்கு வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் பாத்திரம் எல்லாம் நிரம்பும்வரை அவர்கள் வேறு எதற்கும் கிளம்புவதாக இல்லை. அன்று மாலை மைதானத்தில் மேசைகளுக்கு முன்னால் நாய்கள்தான் படுத்திருந்தன என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அண்ணன் தையல்காரம்மா வீட்டு வாசலில் இருந்தான். அவளால் தனியாகத் தூக்க முடியாது, நெட்டையும் இல்லை. சுத்தமான சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான். ஏதோ கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சொன்னபடி அவன் மறுநாள் ஷாப்புக்குப் போனான். ஆனால் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டான். என்னிடம்தான் சொல்வான், அம்மாவிடம் சொல்லு என்று. ஒரே ஒருநாள், அம்மா அவன் தட்டில் சோறு போடும்போது நேராகச் சொன்னான்.

"அவன் அங்க இருக்கான். நான் இங்க அவங்கம்மாவுக்கு வாளி தூக்கிட்டிருக்கேன்."

அம்மா இன்னொரு கரண்டி போட்டாள். அவன் போதும் என்று சொல்லும்வரை போட்டுக்கொண்டே இருந்தாள்.

கம்பங்களுக்குப் புதுக் குரல் வந்தது. எங்கிருந்து பேசுகிறது என்று தெரியாது. தெளிவான, இனிமையான பெண் குரல். அதற்கு "வரலாம்" என்ற சொல்லே தெரியாது. தண்ணீர் வரும், ரயில் வரும், வெற்றி வரும், எல்லாம் வரும். அப்பாவின் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. கொஞ்ச நாள் அவர் "ஏறிடுச்சு" என்று அந்தப் பக்கம் ஆள் இல்லாத தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தார், பிறகு விட்டுவிட்டார். முதல் சில நாட்கள் ஜனங்கள் புதுக் குரலையும் நம்பி வாளியோடு வந்து நின்றார்கள். வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அப்புறம் எல்லா நாளும் எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் நடந்தால் கால் வாளியில் இடித்தது. கொசு வந்தது. குரல் பேசும்போது யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. போரைப் பற்றி அது சொல்வதையும் அப்படித்தான் கேட்டார்கள், காக்கை கத்துவதைக் கேட்பது போல. மைதானத்து மேசைகளை ஒருநாள் லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நிறையப் பேர் பதிந்தார்களாம். அந்த ஊரில் தண்ணீரை யார் சொல்கிறார்களோ தெரியவில்லை.

அம்மா வீட்டில் இருந்தாள். மைக் இல்லாமல் அவள் குரல் சின்னதாகிவிட்டது. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால்கூட எனக்குக் கேட்காது.

நெட்டை முதலில் இரண்டு மூன்று தடவை போனில் பேசினான். நல்லா இருக்கேன், கால் இடிக்குது, படுக்க இடம் பத்தல என்றான். பிறகு பேசவில்லை. தையல்காரம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கொடி தைக்க யாரும் கொடுக்காததால் மிஞ்சிய கொடித்துணியில் தலையணை உறை தைத்தாள். தன் வீட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு, கேட்டவர் வீட்டுக்கெல்லாம் தைத்தாள். நாங்கள் அதில்தான் தலை வைத்துத் தூங்கினோம். அண்ணன் தினமும் ஷாப்பிலிருந்து வந்ததும் நேராக அங்கே போய்த் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான்.

ஒரு சாயங்காலம், பனி இறங்கிக்கொண்டிருந்தபோது, புதுக் குரல் சொன்னது. போர் முடிந்தது. நம் வீரர்கள் வீடு திரும்புவார்கள்.

முடிந்தது, ந்தது, து என்று அது நடந்துபோனது. யாரும் வெளியே வரவில்லை. ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் அப்படியே தொடர்ந்தது. உண்மையாகவே முடிந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. இப்படி ஒரு செய்தி வந்து, அதற்குக் கதவு திறக்க ஒரு ஆள் இல்லாமல் திரும்பிப் போகிறதே என்று இருந்தது.

தையல் மெஷின் மட்டும் நின்றது.

தையல்காரம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் இன்னும் கத்தரிக்கோல் இருந்தது. அண்ணன் அவள் வீட்டுக்குத் தூக்கிப் போகும் வாளியோடு பாதி வழியில் நின்றான். அம்மா எழுந்து வந்தாள்.

"மைக் அக்கா," என்றாள் தையல்காரம்மா. பக்கத்து வீட்டிலேயே இருந்தும் அவள் அம்மாவை அப்படிக் கூப்பிட்டு நாளாகிவிட்டது. "கம்பத்துல பேசற இந்தப் பொண்ணு சொல்றதெல்லாம் என் காதுல ஏறல. நீங்க சொல்லுங்க. அவன் வருவானா?"

அம்மாவின் இடது கை தானாகப் பக்கவாட்டில் போனது. அங்கே தொலைபேசி இல்லை. கதவுதான் இருந்தது. கை கதவின் மேல் போய் நின்றது.

சொல்லிவிடு அம்மா, வருவான் என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு சொல்தான். மைக்கும் இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை. அண்ணனும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் பேசாமல் இருந்த முகத்தில், பேசப்போவது போல ஒரு அசைவு இருந்தது. அவனும் அதையே கேட்டிருப்பான். அவனுக்காக அம்மா ஒரு ஊரையே நிறுத்தியிருந்தாள். இவளுக்காக ஒரு பொய் சொல்லலாம்.

அம்மா நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் நிறைந்துகொண்டு வந்தன.

"வரலாம்," என்றாள்.

தையல்காரம்மா அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். கையில் கொடுத்த ஒன்றை வாங்கிக்கொள்வது போல, கத்தரிக்கோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாகத் தலையாட்டினாள். அழவில்லை. வரலாம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் போய்த் தன் வீட்டிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாசலில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே நிரம்பியிருந்தவற்றில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு வைத்தாள். பெரிய பானை, வாளிகள், கெட்டில், நெட்டை சின்ன வயதில் குளித்த தகரத் தொட்டி.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். தண்ணீர் விடும் நேரம் இல்லை அது. மூலையில் சாத்தியிருந்த இரும்புச் சாவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பனிக்குள் மேட்டுப்பக்கம் நடந்துபோனார். சாவி சிறிது நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

அண்ணன் அம்மாவிடம் வந்தான்.

"அந்த உள்ரூம் வாளியையும் எடும்மா," என்றான். "அவங்களுக்குப் பத்தாது."

அம்மா உள்ளே போய் எடுத்து வந்தாள். நாங்கள் நான்கு பேரும் தையல்காரம்மா வீட்டுக் குழாயடியில் நின்றோம். தெருவில் வேறு யாரும் இல்லை. குழாய் முதலில் இருமியது. காற்று வந்தது, நெடுநேரம் காற்றுதான் வந்தது. தையல்காரம்மா குனிந்து, உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.